41 ரேப்பும் நாலு வழியும்

“தம்பி, டிஜிற்றல் எண்டா டிஜிற்றல்தானே? வந்தா வரும், வராட்டி வராது. அதுக்குள்ள நல்லது கெட்டது எண்டு என்ன இருக்கு?”

கஸ்தூரியார் வீதிக் கடைக்காரர் இப்படிச் சொல்லிக்கொண்டே, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றைக் கண்ணாடி மேசையில் வைத்தார். ஒரு பக்கம் ஒளியைக் கடத்தும் ஒப்ரிக்கல் வயர் செருகும் சதுர ஓட்டை, மறுபக்கம் மின்னைக் கடத்தும் கோஅக்சியல் வயருக்கான வட்ட முனை, ஓரத்தில் 5 வோல்ற் மின்சாரம் கொடுக்க ஒரு துளை. அவ்வளவுதான். அவர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதி என்னவென்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் போனது.

விஷயம் இதுதான். நண்பனின் பெரியப்பா ரொறன்ரோவிலிருந்து வந்தபோது 41 டிஏடி ரேப்புகளையும் அவற்றை ஓட்டும் டெக் ஒன்றையும் கொண்டுவந்தார். தொண்ணூறுகளில் அங்குள்ள கோயில் திருவிழாக்களிலும் மண்டபங்களிலும் எங்கள் ஊர் நாதஸ்வர, தவில் கலைஞர்கள் வாசித்ததை அவரே பதிவு செய்து வைத்திருக்கிறார். அதே காலத்தில் இங்கே என்ன நிலைமை என்பது தெரியும்தானே. 1990 இல் மின்சாரம் நின்ற பிறகு, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டோம். யாழ்ப்பாணத்துக் கலைஞர்களின் டிஜிற்றல் பதிவு யாழ்ப்பாணத்தில் இல்லாமல் பனி கொட்டும் ஊரில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

டிஏடி என்பது சோனி நிறுவனம் 1987 இல் சந்தைக்குக் கொண்டுவந்த சிறிய டிஜிற்றல் கசெற். அதற்கான டெக் செய்வதை அவர்கள் 2005 இல் நிறுத்திவிட்டார்கள். சுழலும் தலை தேய்ந்தால் மாற்ற ஆளும் இல்லை, பொருளும் இல்லை. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு டெக். அதுவும் பயணப் பெட்டிக்குள் இடிபட்டு, கோஅக்சியல் முனை உடைந்து, ஒப்ரிக்கல் முனை மட்டும் உயிரோடு வந்து சேர்ந்தது. கொக்குவிலில் நண்பனின் ஸ்ரூடியோவில், ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஓடியோ இன்டர்ஃபேஸிலோ கோஅக்சியல் உள்ளீடு மட்டும்தான். ஒளியாக வெளிவருவதை மின்னாக மாற்றினால்தான் கணினிக்குள் போகும்.

எங்களுக்கு முன்னால் நாலு வழி இருந்தது. ஒன்று, கடைக்காரர் காட்டிய அந்த மலிவுப் பெட்டி. இரண்டு, கொழும்பில் மூடப்பட்ட ஒரு ஸ்ரூடியோவிலிருந்து பாவித்த விலைக்கு வந்த பெரிய கொன்வேர்ட்டர். ராக்கில் பூட்டும் வகை, முன்னால் விளக்கு வரிசை, எல்லா வகை முனையும் உண்டு, சாம்பிள் வீதத்தையும் (ஒரு வினாடி ஒலிக்கு எத்தனை எண் என்பதை) மாற்றும். மூன்று, ஒப்ரிக்கல் உள்ளீடு உள்ள புதிய இன்டர்ஃபேஸ் வாங்குவது. நாலு, டிஜிற்றலை விட்டுவிட்டு டெக்கின் சாதாரண லைன் அவுட்டிலிருந்து அனலொக்காக, அதாவது எண்களாக இல்லாமல் மின் அலையாக, எடுப்பது. ஐந்தாவதும் ஒன்று உண்டு: கணினித் தரவுக்காகச் செய்த பழைய டிடிஎஸ் ரேப் டிரைவ் சிலவற்றுக்கு எஸ்ஜிஐ நிறுவனத்தின் கணினிகளுக்காக ஓடியோ வாசிக்கும் மென்பொருள் ஏற்றியிருந்தார்கள். அது கிடைத்தால் ரேப்பை ஒரு கோப்பைப் படிப்பதுபோலவே படிக்கலாம். யாழ்ப்பாணத்தில் அதைத் தேடுவது நெடுந்தீவில் மெட்ரோ ரயில் தேடுவது போன்றது. விட்டுவிட்டேன்.

ஒப்ரிக்கல், கோஅக்சியல், ஸ்ரூடியோக்காரர் பாவிக்கும் மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர் எல்லாவற்றிலும் போவது ஏறத்தாழ ஒரே கடிதம், உறைதான் வேறு. கோஅக்சியலில் அது 75 ஓம் வயரில் அரை வோல்ற் அளவில் போகிறது. எக்ஸ்எல்ஆரில் 110 ஓம், சில வோல்ற். ஒப்ரிக்கலில் பிளாஸ்டிக் இழையில் சிவப்பு வெளிச்சமாக மினுங்குகிறது. உள்ளே ஒவ்வொரு சாம்பிளுக்கும் 32 பிற் (0 அல்லது 1) இடம். அதில் 24 வரை ஒலிக்கு. மிச்சத்தில் தொடக்க அடையாளம், இந்தத் தரவை நம்பலாமா என்ற ஒரு பிற், நகலெடுக்கலாமா என்பது போன்ற குறிப்புகள், சரிபார்ப்பு பிற். 48 கிலோஹேட்ஸ் ஸ்ரீரியோ என்றால் வினாடிக்கு 3.072 மெகாபிற் ஓடும். கடிகாரமும், அதாவது அடுத்த சாம்பிள் எந்தக் கணத்தில் என்ற தாளமும், இதற்குள்ளேயே வருகிறது, தனி வயர் இல்லை.

ஆகவே ஒளியை மின்னாக மாற்றும் பெட்டிக்கு உண்மையில் ஒரே வேலைதான்: வெளிச்சம் வந்தால் மேலே, போனால் கீழே. அதற்குமேல் அது எதையும் ‘யோசிக்க’த் தொடங்கினால் எனக்குச் சந்தேகம் வரும்.

சரி, அது அந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? காதால் கேட்டுப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அதற்கு ஒரு பயனும் இல்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நான் செய்தது ஒரு சோதனைக் குறுந்தட்டு. கணினியில் ஒரு ஒலிக் கோப்பைத் தயாரித்து, அதைச் சாதாரண ஓடியோ சிடியாக எழுதி, வீட்டில் கிடந்த ஒப்ரிக்கல் வெளியீடுள்ள பழைய சிடி பிளேயரில் போட்டு, டெக்கின் இடத்தில் வைத்தேன். டெக்கைப் போலவே சிடி பிளேயருக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு. அதனால் இது நிஜ நிலைமைக்குக் கிட்ட. இன்டர்ஃபேஸின் வெளியீட்டையே சுற்றி அதன் உள்ளீட்டில் கொடுத்துச் சோதித்தால் இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடும். அதில் தப்புகிற பிழை நாளைக்கு டெக்கைப் பூட்டும்போது வந்து நிற்கும்.

கோப்பில் என்ன இருந்தது என்றால், முதலில் 10 வினாடி முழு மௌனம், எல்லாம் பூச்சியம். பிறகு ஒரே ஒரு சாம்பிள் மட்டும் உச்சத்துக்கு எழும்பும் ஒரு ‘டிக்’. அதுதான் எல்லைக்கல். அடுத்து 5 நிமிடம் வெள்ளை இரைச்சல், அதாவது 16 பிற்களும் தாறுமாறாக மாறிக்கொண்டே இருக்கும் சத்தம். பிறகு கடைசி பிற் மட்டும் 0, 1, 0, 1 என்று ஆடும் ஒரு நிமிடம். காதுக்கு ஒன்றும் கேட்காது, ஆனால் யாராவது கைவைத்தால் இங்கேதான் அகப்படுவார்கள். அதன் பிறகு நாதஸ்வரமும் தவிலும், கடைசியில் இன்னொரு எல்லைக்கல். எல்லாமாக 40 நிமிடம்.

இரண்டு எல்லைக்கல்லுக்கும் நடுவில் எத்தனை சாம்பிள் என்று எண்ணுவது முதல் சோதனை. ஒன்றுகூடக் குறையவோ கூடவோ கூடாது. பதிவானதை மூலக் கோப்போடு சாம்பிளுக்குச் சாம்பிள் ஒட்டவைத்து, ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டுவது இரண்டாவது. இரண்டும் ஒன்றென்றால் மிச்சம் பூச்சியம், ஒரு நேர்கோடு. கோடு கொஞ்சம் நெளிந்தாலும் எங்கோ எதுவோ மாறியிருக்கிறது.

முதல் நாள் கோடு நெளிந்தது. நல்லாகவே நெளிந்தது. கறுப்புப் பெட்டியை வைதுகொண்டு படுத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் பிழை என்னுடையது. ஓடாசிற்றி மென்பொருள் உள்ளே 32 பிற் மிதவை எண்களில் வேலை செய்யும். 16 பிற்றாக வெளியே எழுதும்போது, வேறு சொல்லாவிட்டால், டிதர் என்ற நுண்ணிய இரைச்சலைத் தானாகவே சேர்க்கும். இசைக்கு அது நல்லது, சோதனைக்கு நஞ்சு. அமைப்பில் டிதரை ‘ஒன்றுமில்லை’ என்று மாற்றியதும் பாதி நெளிவு போய்விட்டது. மற்றப் பாதி விண்டோஸின் கலவைக்காரனுடையது. சிடி 44.1 கிலோஹேட்ஸில் வர, விண்டோஸின் ஒலி அமைப்பில் 48 என்று இருந்தது. அது கேட்காமலே மாற்றிக் கொடுத்திருக்கிறது. கடைசியில் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து ஓட்டி, அதன் ஒலி அமைப்பான அல்சா வழியாக இன்டர்ஃபேஸை நேராகப் பிடித்தேன். நடுவில் யாரும் இல்லை, தலையிடி தீர்ந்தது.

மூன்றாவது பிழையும் நான்தான். இன்டர்ஃபேஸின் கடிகாரத்தை ‘உள்’ என்று விட்டிருந்தேன். முதல் எல்லைக்கல்லிலிருந்து இரைச்சலின் முடிவு வரை 5 நிமிடத்தில் 1 கோடியே 32 லட்சத்து 30 ஆயிரம் சாம்பிள் இருக்க வேண்டும். 264 குறைந்திருந்தது. கணக்குப் பார்த்தால் பத்து லட்சத்துக்கு 20 பங்கு வித்தியாசம். இரண்டு மலிவான பளிங்குக் கடிகாரங்களுக்கு நடுவில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் கிட்டத்தட்ட வினாடிக்கு ஒரு சாம்பிள் விழுகிறது. இரைச்சலில் அது கேட்காது, நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையில் ‘டிக்… டிக்’ என்று கேட்கும். தவில் தனி ஓடும்போது யாருக்கும் தெரியாது, அதுதான் ஆபத்து. கடிகார மூலத்தை எஸ்பிடிஐஎஃப் (ஒப்ரிக்கலிலும் கோஅக்சியலிலும் போகும் அந்தக் கடிதத்தின் பெயர்) என்று மாற்றினேன். இன்டர்ஃபேஸ் சிடி பிளேயருக்குப் பின்னால் நடக்கத் தொடங்கியது, 264 பூச்சியமானது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பெட்டிகளைச் சோதிக்கவே தொடங்க முடிந்தது. உங்களுக்கும் இதே வரிசையில் இதே பிழைகள் வரும் என்று எதிர்பாருங்கள். பெட்டியைக் குறைசொல்லுமுன் அந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

மலிவுப் பெட்டி: 40 நிமிடமும் நேர்கோடு. ஸ்ரீரியோவில் 338 கோடிக்கு மேற்பட்ட பிற்கள் போயிருக்கின்றன, ஒன்றுகூட மாறவில்லை. நம்பாமல் இன்னொரு தரம் ஓட்டினேன், அதே கோடு. டிஏடி பெரும்பாலும் 48 கிலோஹேட்ஸ் என்பதால் அதையும் பார்க்க வேண்டும். ஸ்ரூடியோ மேசைக் கணினியின் பின்புறத்தில் ஒப்ரிக்கல் வெளியீடு ஒன்று தூசிக்குள் இருந்தது. அதிலிருந்து 48 இல் அனுப்பினேன். அதுவும் சரி.

இந்தப் பெட்டி பிழைக்காது என்று சொல்லவில்லை. இரண்டு தரம் பிழைத்தது. ஒருமுறை ஒப்ரிக்கல் வயர் முழுதாக உள்ளே போகாமல் அரைவாசியில் நின்றது. ‘கிளிக்’ என்று பிடிக்கும்வரை அமத்த வேண்டும். இன்னொருமுறை இரவு பதினொரு மணிக்கு வீட்டு பிரிட்ஜ் ஓடத் தொடங்கிய கணத்தில் ஒரு துண்டு அறுந்தது. கூட வந்த மலிவு அடாப்டரை எறிந்துவிட்டு ஒரு பவர் பாங்கில் பூட்டினேன், அதற்குப் பிறகு வரவில்லை. ஆனால் இரண்டு தரமும் எப்படிப் பிழைத்தது என்று பாருங்கள்: சத்தம் அறுந்து, இடைவெளி விழுந்து, குழந்தைக்குக்கூடத் தெரியும்படி. கடைக்காரர் சொன்ன பாதி இதுதான். வந்தால் வரும், வராவிட்டால் வராது.

வயர் பற்றி ஒரு சொல். பெட்டியிலிருந்து இன்டர்ஃபேஸுக்குப் போகும் கோஅக்சியல் வயருக்கு விலை கூடிய எதுவும் தேவையில்லை. பழைய டிவிடி பிளேயரோடு வந்த சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயரில் மஞ்சளை எடுங்கள். அது வீடியோவுக்கானது, 75 ஓம். சிவப்பும் வெள்ளையும் அந்தக் கணக்குக்குச் செய்ததல்ல.

இனிப் பெரிய கொன்வேர்ட்டர். இதைத்தான் நான் உண்மையில் வாங்க விரும்பினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். பாரம், இரும்பு, விளக்குகள், ஸ்ரூடியோவில் இருந்த பொருள் என்ற மதிப்பு. சிடியைப் பூட்டி நாதஸ்வரத்தைக் கேட்டோம். அருமை. நான், நண்பன், அவனுடைய அப்பா மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேட்டோம். கறுப்புப் பெட்டி எது, இது எது என்று ஒருவருக்கும் சொல்ல முடியவில்லை. காதால் சோதிப்பதில் பயனில்லை என்று முதலில் சொன்னது இதனால்தான்.

கோப்பைத் திறந்து பார்த்தால் கதை வேறு. எல்லைக்கல்லே இல்லை. ஒரே ஒரு சாம்பிளாகப் போன ‘டிக்’, இரண்டு பக்கமும் அலையடித்துக்கொண்டு, குளத்தில் கல் விழுந்ததுபோல வந்திருக்கிறது. 0, 1 என்று ஆடிய பகுதியின் ஆட்டமே காணாமல் போய்விட்டது. வெள்ளை இரைச்சலைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் ‘ஸ்ஸ்ஸ்’ என்று தெளிவாகக் கேட்கிறது. இசையைக் கழித்தால் மெல்லிய உறுத்தல்கள் மிஞ்சுகின்றன: தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல் விழும் இடங்கள், தாளம் தட்டும் இடங்கள்.

காரணம் பழுதல்ல. அதன் வடிவமைப்பே அப்படி. உள்ளே சாம்பிள் வீதம் மாற்றும் ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. 44.1 இல் வாங்கி 44.1 இல் கொடுக்கச் சொன்னாலும், அது வந்த எண்களை அப்படியே கடத்துவதில்லை. தன் சொந்தக் கடிகாரத்தின்படி, வந்த சாம்பிள்களுக்கு நடுவில் எந்த இடத்தில் எந்த மதிப்பு இருந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துப் புதிய எண்களை எழுதுகிறது. 20 கிலோஹேட்ஸுக்கு மேலே உள்ளதை வடித்தும் விடுகிறது. கணக்கு மிகத் திறமானது, அதனால்தான் காதுக்குத் தெரியவில்லை. ஆனாலும் வெளியே வரும் ஒவ்வொரு எண்ணும் புதியது. கடிகாரம் ஒத்துப்போகாத இரண்டு கருவிகளை ஒரு நேரடி நிகழ்ச்சியில் இணைக்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல பொருள் இல்லை. முன்னே சொன்ன அந்த 264 சாம்பிள் பிரச்சினையை இது ஓசையில்லாமல் தீர்த்துவிடும். எங்களுக்கு வேண்டாதது அந்த ஓசையில்லாமைதான்.

“காதுக்குத் தெரியாட்டி என்னடா பிரச்சினை?” என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. எனக்கும் இரண்டு நாள் பதில் இல்லை. பதில் முதல் ரேப்பை ஓட்டியபோது வந்தது.

டிஏடி ரேப்பில் சிறு பழுது இருந்தால் டெக் தன்னிடமுள்ள திருத்தக் குறிகளைக்கொண்டு அதைச் சரிசெய்துவிடும். திருத்த முடியாத அளவு பழுது என்றால், முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து நடுவில் ஒன்றை ஊகித்து நிரப்பும். அது கேட்காது. எந்தக் கொன்வேர்ட்டருக்கும் அது தெரியப்போவதில்லை. டெக் தந்ததைத்தானே அது கடத்துகிறது! முப்பது வருட ரேப்பில் எது வாசித்தது, எது ஊகித்தது என்று எப்படிப் பிரிப்பது? எங்களுக்கு இருந்த வழி, ரேப்பை இரண்டு தரம் ஓட்டி இரண்டு பதிவையும் ஒன்றோடொன்று கழிப்பது. பழுதுபட்ட இடத்தைத் தலை இரண்டு தரமும் ஒரேமாதிரி வாசிப்பது அரிது. நேர்கோடு வந்தால் ரேப்பும் டெக்கும் வயரும் பெட்டியும் எல்லாமே சரி. கோடு ஓரிடத்தில் துடித்தால், அந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு தலையைத் துடைத்து மூன்றாம் தரம் ஓட்டலாம்.

பெரிய கொன்வேர்ட்டரில் இதைச் செய்யவே முடியாது. இரண்டு தரம் ஓட்டினால் இரண்டு தரமும் எண்கள் வேறு. டெக்கின் கடிகாரமும் அதன் கடிகாரமும் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் சந்திக்கின்றன. பழுதால் வந்த வித்தியாசமும் கணக்கால் வந்த வித்தியாசமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒலி நன்றாக இருக்கும், ஆனால் ரேப் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிய எங்களுக்கு இருந்த வழி அடைபட்டுவிடும். நண்பனிடம் இதைச் சொன்னபோது, “அப்ப அந்த விளக்கெல்லாம் சும்மாதானா?” என்றான். சும்மா இல்லை, வேறு வேலைக்கு.

அனலொக் வழியும் இதே காரணத்தால்தான் விழுந்தது. கனடா டெக் 120 வோல்ற், இங்கே 230. ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்போமரில் ஓடுகிறது, மூடியைத் தொட்டால் மெல்லிய ஷொக் அடிக்கிறது. லைன் அவுட் வயரை இன்டர்ஃபேஸில் பூட்டியதும் 50 ஹேட்ஸ் ‘ம்ம்ம்’ வந்துவிட்டது. முயன்றால் அதைத் தீர்க்கலாம். ஒப்ரிக்கலில் அந்தத் தொல்லையே இல்லை; வெளிச்சத்துக்கு ஏது எர்த். டிஜிற்றல் முனை முழுவதும் செத்தால்தான் இந்த வழி.

மூன்றாவது வழி, ஒப்ரிக்கல் உள்ளீடுள்ள இன்டர்ஃபேஸ். ஒருவரிடம் ஒரு நாள் இரவல் வாங்கிப் பூட்டினேன். நேர்கோடு. பெட்டியும் அடாப்டரும் இல்லாததால் அறுந்து போகக்கூடிய இடம் இரண்டு குறைகிறது. காசு இருப்பவர்களுக்கு இதுதான் சுத்தமான வழி, மறுக்கவில்லை. ஆனால் வாங்குமுன் ஒன்றை வடிவாகப் பாருங்கள். இன்டர்ஃபேஸ்களில் இருக்கும் அந்தச் சதுர ஓட்டை பல நேரம் ஏடாட் என்ற எட்டுச் சானல் முறைக்கானது. அலெசிஸ் நிறுவனம் தன் ரேப் கருவிகளுக்காகக் கொண்டுவந்தது. ஓட்டையும் வயரும் ஒன்றே, ஆனால் உள்ளே போகும் மொழி வேறு. சிலவற்றில் அதை எஸ்பிடிஐஎஃப் ஆக மாற்றலாம், சிலவற்றில் முடியாது. “ஒப்ரிக்கல் இருக்கு” என்று கடைக்காரர் சொன்னால் போதாது, கையேட்டில் எஸ்பிடிஐஎஃப் என்ற சொல்லைக் கண்ணால் பாருங்கள். கொழும்பு யூனிட்டி பிளாஸா வரை போய் வாங்கிவந்து பூட்டிய பிறகு தெரிந்தால், பஸ் காசும் சேர்ந்து நட்டம்.

நேர்கோடு வந்தால் எல்லாம் முடிந்ததா என்றால் இல்லை. எண்கள் அப்படியே வந்தும் ஒலி பிழைக்கும் ஓரிடம் உண்டு. ஆரம்பகால டிஜிற்றல் பதிவுகள் சிலவற்றில் உயர்ந்த சுருதிகளைத் தூக்கிப் பதிந்து, ஓட்டும்போது அதே அளவு தாழ்த்தும் முறை ஒன்று இருந்தது. எம்ஃபசிஸ் என்பார்கள். தூக்கல் உச்சியில் 10 டெசிபெல்லுக்குக் கிட்ட வரும். ‘இது தூக்கிப் பதிந்தது’ என்ற செய்தி ஒலி எண்களில் இல்லை, பக்கத்தில் போகும் குறிப்பு பிற்களில்தான் இருக்கிறது. கணினியில் ஒலியாகச் சேமிக்கும்போது அந்தக் குறிப்பு பெரும்பாலும் தொலைந்துவிடும். பிறகு கேட்பவர், தாளம் ஏன் இவ்வளவு கூச்சலாக இருக்கிறது என்று யோசிப்பார். இதற்கு நான் கண்ட வழி மிகப் பழையது: டெக்கின் முகப்பில் எம்ஃபசிஸ் என்ற எழுத்து எரிகிறதா என்று பார்த்து, கொப்பியில் பேனாவால் எழுதுவது. 41 இல் இரண்டில் எரிந்தது. இரண்டும் பழைய சிடியிலிருந்து பெரியப்பா நகலெடுத்தவை.

நகல் தடுப்புப் பிற் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். வீட்டு டெக்குகளும் மினிடிஸ்க் கருவிகளும் அதை மதித்துப் பதிவை மறுக்கும். நாங்கள் பாவித்த இன்டர்ஃபேஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அடுத்தது.

பெரிய கொன்வேர்ட்டரை ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், அது இன்னும் மேசைக்குக் கீழே இருக்கிறது. காரணம் பெரியப்பாவின் சிக்கனம். திருவிழா இரவு நீளம் என்பதால், 7 ரேப்பை அவர் லோங் பிளேயில் பதிந்திருக்கிறார். 120 நிமிட ரேப்பில் 240 நிமிடம் பிடிக்கும், ஆனால் 32 கிலோஹேட்ஸ், 12 பிற். மலிவுப் பெட்டிக்கு 32 உம் ஒன்று, 48 உம் ஒன்று, அது வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது. இன்டர்ஃபேஸ்தான் 44.1 க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. இப்போது விற்கும் பலவும் அப்படித்தான். 32 ஐ ஏற்கும் பழைய பிசிஐ அட்டை ஒன்று கிடைத்தால் நேர்கோட்டு வழியிலேயே போகலாம், தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த 7 இல் மூன்றில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, அடுத்த மாரிவரை தாங்குமோ தெரியாது. அந்த மூன்றையும் பெரிய கொன்வேர்ட்டர் வழியாக 48 க்கு ஏற்றி எடுத்துவிட்டேன். கோப்பின் பெயரிலேயே ‘மாற்றியது’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ரேப்புகள் சிலிக்கா ஜெல்லோடு பிஸ்கற் ரின்னுக்குள் இருக்கின்றன.

மிச்சம் 34 ரேப். ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம், இரண்டு தரம். மொத்தம் 136 மணித்தியாலம், டெக்கின் தலை அதற்குத் தாங்குமா என்பது வேறு கேள்வி. அதனால் எல்லாவற்றையும் இரண்டு தரம் ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தோம். வேறெங்கும் பதிவு இல்லாத கச்சேரிகள் 12 என்று பெரியப்பா குறித்துத் தந்தார். அவற்றுக்கு மட்டும் இரண்டு தரம், மற்றவைக்கு ஒன்று. இதுவரை ஒன்பது முடிந்திருக்கிறது. அதில் ஏழு நேர்கோடு. ஒன்றில் 51 ஆவது நிமிடத்தில் துடிப்பு, தலையைத் துடைத்த பிறகு போய்விட்டது. இன்னொன்றில் மல்லாரி தொடங்கும் இடத்தில் மூன்று தரமும் மூன்று விதமாக வருகிறது, அங்கே ரேப் போய்விட்டது.

போன கிழமை அந்தக் கடைக்குத் திரும்பப் போனேன், மேலதிகமாக ஒரு பெட்டி வாங்க.

“எப்பிடித் தம்பி, பெட்டி வேலை செய்யுதோ?”

“ஓம் அண்ணை. ஒரு பிற்கூட மாறேல்ல.”

“நான் அப்பவே சொன்னனான்தானே, டிஜிற்றல் எண்டா டிஜிற்றல்தான் எண்டு.”

அதே கறுப்பு, அதே அச்சு, அதே விலை. உள்ளே அதே சில்லுத்தானா என்று வெளியே எதிலும் எழுதியில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சோதனைக் குறுந்தட்டைத் துடைத்து பிளேயரில் போட்டேன்.